ஜிம் மாஸ்டரைப் பிடிக்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

என்னுடைய வலது தோளுக்குள் ஒரு செல் பீஸ் (யுத்தத்தில் வெடித்த எறிகணையின் சிதறல்) கிடக்கிற விசயம், எனக்கு முதலில் பயிற்சி தந்த மாஸ்டருக்கு மூன்றாம் கிழமைதான் தெரியவந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2009 தொடக்கம் அது அங்கேயே கிடக்கிறது, மழைக்காலத்தில் கொஞ்சம் உளையும், மற்றபடி அதன் நினைப்பே வராது. அவர் முதல் நாளே பாரத்தைத் தலைக்கு மேலே தூக்க வைத்தார், நானும் பக்கத்தில் நின்ற பெடியங்களுக்கு முன்னால் மானம் போகக்கூடாது என்று தூக்கினேன், கடைசியில் பார்த்தால் கொடியில் சாரம் காயப்போடக்கூடக் கை மேலே எழும்பவில்லை. மூன்று மாதக் காசை முன்கூட்டியே கட்டியிருந்தேன். போனது போனதுதான்.

அந்த மாஸ்டர் கெட்டவர் இல்லை, ஆளைப் பிழையாகத் தெரிந்தெடுத்தது நான். ஏ9 வீதியால் போகும்போது கண்ணாடிக்குள்ளால் தெரிந்த அவருடைய கையைப் பார்த்தேன், நெஞ்சைப் பார்த்தேன், உள்ளே போய்க் காசைக் கட்டிவிட்டேன். மோட்டார் சைக்கிள் வாங்கும்போதுகூட இப்படி வாங்கமாட்டோம், நாலு பேரிடம் விசாரித்து, ஓடிப் பார்த்து, எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் வாங்குவோம்.

எங்கள் பக்கத்தில் மாஸ்டர் பிடிக்கிறவர்கள் விடுகிற பெரிய பிழை இதுதான்: முதல் நாள் அவர் எங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனிக்காமல் விடுவது. பார்-கியூ என்று ஒரு சின்னக் கேள்விப் பத்திரம் இருக்கிறது, 1970களில் கனடாவில் உருவானது, பழைய வடிவத்தில் ஏழே ஏழு கேள்விகள். இருதய வருத்தம் இருக்கிறதென்று டொக்டர் சொல்லியிருக்கிறாரா, வேலை செய்யும்போது நெஞ்சு நோகுமா, சும்மா இருக்கும்போது நொந்ததா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பு மூட்டில் ஏதும் கோளாறா, பிறசருக்கோ இருதயத்துக்கோ குளிசை போடுகிறீர்களா, வேறு ஏதும் காரணம் இருக்கிறதா. அவ்வளவுதான். ஐந்து நிமிச வேலை. இதில் ஒன்றுக்கு ஓம் என்று வந்தாலும் முதலில் டொக்டரைக் கண்டு கதைத்துவிட்டு வாங்கோ என்பதுதான் அதன் ஒழுங்கு.

வன்னியில் இந்த ஏழு போதாது. நாற்பது வயது தாண்டிய ஒருவரின் உடம்புக்குள் என்ன கிடக்கிறது என்று வெளியில் நின்று பார்த்துச் சொல்ல முடியாத ஊர் இது. சன்னம் பட்ட இடம், எடுக்காமல் விட்ட பீஸ், உள்ளே கம்பி வைத்த தொடை, மிதிவெடியில் போன பாதம், பொய்க்கால், ஒரு காதில் கேளாமை. பங்கருக்குள் இருந்தவர்களில் சிலருக்கு இரும்புத் தட்டு நிலத்தில் தொம்மென்று விழுகிற சத்தமே நெஞ்சைப் பதறவைக்கும், அதுவும் மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விசயம்தான். அவர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கோ. சொன்ன பிறகும் "அதெல்லாம் சரிவரும், வாங்கோ" என்றால் திரும்பி வாங்கோ.

சரி, உடம்பைப் பார்த்து மயங்கிற கதைக்கு வருவோம். இருபத்து மூன்று வயதுப் பெடியன் ஒருவனுக்கு வயிற்றில் ஆறு கட்டு இருக்கிறதென்றால் அதில் பாதி அவனுடைய வயது, மீதியில் கொஞ்சம் தாய் தகப்பன் கொடுத்த உடல்வாகு, மிச்சம்தான் உழைப்பு. தன் உடம்பை வளர்க்கத் தெரிந்தவருக்கு உங்கள் உடம்பை வளர்க்கத் தெரியும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "முன்பு, பின்பு" என்று ஒட்டியிருக்கிற படங்களையும் அப்படியே நம்பாதீர்கள், வயிற்றை எக்கி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டு எடுத்தால் ஒரே நாளில் இரண்டு படமும் எடுக்கலாம். அதைவிட உங்களைப் போன்ற ஓராளை அவர் பழக்கியிருக்கிறாரா என்று கேளுங்கோ. உங்கள் வயது, உங்கள் வருத்தம், உங்கள் வேலை உள்ள ஆள். அப்படி ஒருவர் இருந்தால் அவரிடமே நேரே கேட்டுப் பாருங்கோ, இஞ்சை யாரும் யாருக்கும் தூரமில்லை.

சான்றிதழ் விசயத்தில் இரண்டு பக்கமும் பிழை விடுகிறோம். சிலர் கேட்பதே இல்லை, சிலர் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்களில் பேர்பெற்றவை ஏசிஎஸ்எம், ஏசிஈ, என்ஏஎஸ்எம், மூன்றும் அமெரிக்காவில் உள்ளவை. இவற்றை ஒருமுறை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்கச் சுவரில் தொங்கவிட முடியாது, ஏசிஈயும் என்ஏஎஸ்எம்மும் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை, ஏசிஎஸ்எம் மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கிற சிபிஆர் பயிற்சியும் கட்டாயம். ஆகவே தாளில் உள்ள திகதியைப் பாருங்கோ. எங்கள் ஊர்களில் அந்தச் சான்றிதழ் இல்லாத நல்ல ஆட்களும் இருக்கிறார்கள், பாடசாலையில் உடற்கல்வி படிப்பித்தவர்கள், மாகாண மட்டத்தில் பாரம் தூக்கியவர்கள், அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் யாராக இருந்தாலும் "இஞ்சை ஒராள் மயங்கி விழுந்தால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்கலாம். 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிட்டுவிட்டு, மூச்சு இல்லாவிட்டால் அது வரும்வரை நெஞ்சை அழுத்துவேன் என்று உடனே வர வேண்டும் பதில். தண்ணி தெளிப்பேன் என்றால் யோசியுங்கோ.

நோகப் பண்ணுகிறவர்தான் நல்ல மாஸ்டர் என்ற நினைப்பும் கனபேருக்கு இருக்கிறது. முதல் நாள் முடித்துவிட்டுப் படியிறங்க முடியாமல் நொண்டினால் அதில் ஒரு பெருமை. புதிதாகத் தொடங்கினால் அடுத்த இரண்டு மூன்று நாள் தசை உளையத்தான் செய்யும், அது வழமை, தானாக மாறும். ஆனால் மூட்டுக்குள் குத்துவதும், நாரியிலிருந்து காலுக்கு மின்சாரம் இறங்குவதுபோல் இழுப்பதும் உளைவு இல்லை, அதைச் சொன்னவுடன் மாஸ்டர் பாரத்தை இறக்க வேண்டும். இன்னும் ஒன்று இருக்கிறது, அதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கோ: பழகாத உடம்பை ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சி அடித்தால் தசை உடைந்து அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சலம் பிளேன்ரீச் சாயம் போலக் கடுமையாகப் போகும், தசை வீங்கி இறுகும். அப்படிக் கண்டால் விடியட்டும் என்று படுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெக்கையும் தண்ணிக் குறைவும் சேர்ந்தால் இது இன்னும் சுலபமாக வரும். தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் மூன்று மணிக்கு ஆளை ஓடவிடுகிற மாஸ்டர் இந்த ஊர்ச் சித்திரை வெயிலை அறியாதவர்.

சிறுநீரகம் என்றதும் புரோட்டீன் மா ஞாபகம் வருகிறது. சேர்ந்து ஒரு கிழமைக்குள் டப்பாவை நீட்டுகிற மாஸ்டர் என்றால் அவர் உங்களுக்குப் பயிற்சி தருகிறாரா, கடை நடத்துகிறாரா என்று பாருங்கோ. சுகமான சிறுநீரகம் உள்ளவருக்கு அந்த மா பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் வடமத்திய மாகாணத்தில் 1990களில் கண்டுபிடிக்கப்பட்ட, காரணம் இன்னும் சரியாகப் பிடிபடாத சிறுநீரக வருத்தம் வவுனியாப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை, அது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு மேலதிகப் புரதம் சுமை. ஆகவே வாங்கிறதுக்கு முதல் ஒரு கிரியட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துபாருங்கோ, நோவுக்கு என்று டைக்ளோபெனக் குளிசையைக் கச்சான் கொட்டை மாதிரிப் போடுகிற பழக்கத்தையும் விடுங்கோ, அதுவும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

சாப்பாட்டுத் தாளும் அப்படித்தான். சால்மன், புரோக்கோலி, ஓட்ஸ் என்று எழுதித் தருகிறார்கள், தர்மபுரத்துச் சந்தையில் சால்மனுக்கு எங்கே போவது? 60 கிலோ நிறை உள்ள ஒருவருக்குச் சாதாரணமாக நாளொன்றுக்கு 48 கிராம் புரதம் காணும், தசை வளர்க்கிறவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு வரை. ஒரு முட்டையில் 6 கிராம் வரை இருக்கிறது, மிச்சத்தைக் கடலை, பயறு, பருப்பு, குளத்து மீன், கருவாடு, தயிர் பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டு, புட்டை எவ்வளவு குறைத்து மீனை எவ்வளவு கூட்டலாம் என்று சொல்கிறவர் வேலை தெரிந்தவர். சீனி வருத்தக் குளிசையை நிப்பாட்டுங்கோ என்று சொல்கிறவரிடம் இனிப் போகவே வேண்டாம். மற்றப் பக்கம், குளிசையோ ஊசியோ போட்டுவிட்டு வெறுவயிற்றில் பயிற்சிக்குப் போனால் சீனி சடாரென்று இறங்கலாம், அதையும் முதலே அவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சொந்தம் பிடித்துத் தருகிற மாஸ்டர் இன்னொரு ரகம். கனடாவில் இருக்கிற அண்ணை ஆசையில் காசு கட்டி ஒன்லைனில் சேர்த்துவிடுகிறார், அந்த மாஸ்டருக்கு விடிய எட்டு மணி என்றால் எங்களுக்குப் பின்னேரமோ இரவோ ஆகிவிடும், பாதியில் சிக்னல் போய்விடும், அவர் சொல்கிற மெசின் ஒன்றும் இங்கே இல்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, ஃபோனைப் பக்கவாட்டில் வைத்து நீங்கள் குனிந்து நிமிர்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்துத் திருத்தித் தருகிறவராக இருந்தால் பரவாயில்லை. ஒரே பிடிஎஃப்பை எல்லாருக்கும் அனுப்புகிறவருக்கு அண்ணையின் டொலரைக் கொடுப்பது வீண்.

பெண்களுக்கு ஒரு தனிக் கதை. என் தங்கச்சி ஓரிடத்தில் சேர்ந்துவிட்டு நாலாம் நாள் நின்றுவிட்டாள், ஏன் என்று வாய்திறக்கவில்லை, மனுசிதான் கேட்டுச் சொன்னாள். நிலையைத் திருத்துகிறேன் என்று கேட்காமல் கொள்ளாமல் இடுப்பைப் பிடித்திருக்கிறார் மாஸ்டர். திருத்தத் தொடத் தேவையே பெரும்பாலும் இல்லை, தானே செய்து காட்டலாம், வாயால் சொல்லலாம், ஒரு தடியை முதுகில் பிடிக்கச் சொல்லலாம், தொட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் "தொடலாமோ" என்று கேட்டுவிட்டுத் தொடலாம். முதல் நாள் தாயையோ சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு போங்கோ. அதற்கு முகம் சுளித்தால் விசயம் அத்தோடு விளங்கிவிடும். சிசேரியன் செய்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும், வயிற்றுத் தசைக்கு வேறு ஒழுங்கு உண்டு.

வயது போனவர்களை நடந்தால் மட்டும் போதும் என்று தள்ளிவிடுகிற மாஸ்டரும் எனக்குச் சரிப்படாது. முள்ளியவளையைச் சேர்ந்த 72 வயது அம்மா ஒருவர் 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போய்த் தங்கத்தோடு திரும்பி வந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் அப்படி ஓட வேண்டியதில்லை, ஆனால் உலக சுகாதார நிறுவனமே கிழமைக்குக் குறைந்தது 150 நிமிச மிதமான பயிற்சியோடு இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது, அதில் முதியவர்களுக்கு விலக்கு இல்லை.

காசு விசயம் சுருக்கமாக. மூன்று மாதம், ஆறு மாதம் என்று மொத்தமாகக் கட்டாதீர்கள், முதல் ஒரு நாள் பார்த்துவிட்டு மாதம் மாதம் கட்டுங்கோ, சிட்டை வாங்குங்கோ. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கலாம் என்கிறவர் பொய் சொல்கிறார், கிழமைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான் கணக்கு. பதினெட்டுக் கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கெட்டிக்காரனைவிட, வேலை முடிந்து வருகிற வழியில் இருக்கிற சுமாரான ஆள் மேல், ஏனென்றால் கடைசி பஸ் போய்விடும் என்ற யோசனையோடு ஒருத்தராலும் பயிற்சி செய்ய முடியாது. அரிவு வெட்டுக் காலத்தில் பகல் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிறவரை இரவில் கூப்பிட்டு, நிலத்தில் கிடக்கிற பாரத்தைக் குனிந்து தூக்குகிற டெட்லிஃப்ட் அடிக்க வைக்கிறவர், என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கவே மாட்டார்.

இப்போது நான் போகிற இடத்தில் கண்ணாடியும் இல்லை, பாட்டும் இல்லை. மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது இளைய தம்பி, கையும் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாள் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு, கையை ஊன்றாமல் ஐந்து தரம் இருந்து எழும்பச் சொன்னார், குந்தி இருந்து நாடியைச் சொறிந்துகொண்டு என் முழங்காலையே பார்த்தார். பிறகு ஒரு சீஆர் கொப்பியைத் திறந்தார்.

"அண்ணை, உடம்பில பீஸ் ஏதும் கிடக்கோ?"

"ஓம். வலது தோளுக்குள்ள ஒண்டு."

"டொக்டர் எடுக்க வேண்டாம் எண்டவரோ, இல்லாட்டி நீங்கள் காட்டவே இல்லையோ?"

"காட்டேல்லை."

கொப்பியை மூடிவிட்டார். "அப்ப முதல் காட்டிப்போட்டு வாங்கோ. அதுவரைக்கும் காசு கட்ட வேண்டாம்."

எக்ஸ்ரேயில் அது அரிசிமணி அளவில் வெள்ளையாகத் தெரிந்தது, மூட்டில் இருந்து கொஞ்சம் தள்ளி. தொடாமல் விடலாம் என்றார் டொக்டர், தலைக்கு மேலே பாரம் வேண்டாம் என்றும் எழுதித் தந்தார். அதன் பிறகு இரண்டு மாதம் அந்தத் தம்பி எனக்குத் தந்த ஒரே பாரம் தும்புத்தடி. போன கிழமைதான் கொப்பியில் "2 கிலோ" என்று எழுதினார்.