சுவிட்ச் உண்மையில் மாறியதா? மைக்ரோவேவ் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2 டெசிபெல் இழப்பு வரவேண்டிய பில்டர் 60 டெசிபெல் காட்டினால், அதாவது சிக்னல் ஏறக்குறைய வராமலே போனால், பில்டரைக் கழற்ற முதல், சிக்னலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். மூடாத பாதையால் கசிந்து வரும் சிக்னலும் அப்படித்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் பழைய கருவிகளைச் சேர்த்துத் தானியங்கிச் சோதனை மேசை அமைக்கும் பிள்ளைகளின் புரோகிராமில் நான் முதலில் தேடுவது, கட்டளை போனபின் சுவிட்சின் நிலையைத் திருப்பி வாசிக்கும் வரி இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் இருக்காது. 20 மில்லிசெக்கன் காத்திருப்பு மட்டும் இருக்கும்.

அந்த 20 எங்கிருந்து வந்தது என்பது தெரியும். உள்ளே தொடுகை அசைந்து மாறும் கோஎக்சியல் (நடுக்கம்பியும் அதைச் சுற்றிய உறையும் உள்ள கேபிளுக்கான) சுவிட்சுகள் பலவற்றுக்கு 15 முதல் 20 மில்லிசெக்கன் வரை என்றுதான் தரவுத்தாளில் போட்டிருக்கும். ஆனால் அந்த நேரம், தொடுகையை அசைக்கும் சுருளுக்கு மின்னழுத்தம் வந்த கணத்திலிருந்து ஓடுவது. உங்கள் காத்திருப்போ கணினி கட்டளையை அனுப்பியவுடன் தொடங்கிவிடுகிறது. இடையில் யூஎஸ்பி தாமதம், சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டியின் தாமதம் எல்லாம் இருக்கிறது. பெட்டி “முடிந்தது” என்று பதில் அனுப்பினாலும், அது நிலையை வாசிக்காத பெட்டியென்றால் சுருளுக்கு மின் துடிப்பை அனுப்பி முடித்ததாக மட்டுமே அர்த்தம்.

எங்கள் ஊர் வெக்கையையும் கணக்கில் எடுங்கள். செம்பின் தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 20 பாகையில் இருந்த சுருள் மூடிய பெட்டிக்குள் 60 பாகைக்குப் போனால், அதே 24 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டம் ஏழில் ஒரு பங்கு அளவு குறைந்துவிடும். மெல்லிய நீள வயரும் சேர்ந்து, நாலைந்து சுவிட்சை ஒரே நேரத்தில் தட்டினால், காலையில் ஒழுங்காக மாறியது மத்தியானம் பிந்தும். ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்.

கரண்ட் போய்வரும் இடத்தில் லாச்சிங் வகைச் சுவிட்ச் இன்னொரு சிக்கல். மின்சாரம் போனாலும் அது கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். திரும்பத் தொடங்கும் புரோகிராமோ எல்லாம் முதலாம் பாதையில் என்று எண்ணிக்கொள்ளும். ஃபெயில்சேஃப் வகை இயல்பு நிலைக்குத் தானே திரும்பும். எதுவானாலும், தொடங்கியதும் முதல் வேலை நிலையை வாசிப்பதே.

வாசிக்கும்போதும் ஒரு கவனம். “இரண்டாம் பாதை இல்லை, ஆகவே முதலாம் பாதை” என்று எழுதாதீர்கள். சுவிட்ச் எந்தப் பாதையில் நிற்கிறது என்று சொல்லும் காட்டிகள் இரண்டும் அணைந்திருந்தால் சுவிட்ச் இடைவழியில் நிற்கிறது, அல்லது வயர் கழன்றிருக்கிறது. சரியான காட்டி எரியும்வரை திரும்பத் திரும்ப வாசித்து, எரிந்தபின் தொடுகையின் அதிர்வு அடங்கச் சில மில்லிசெக்கன் விட்டுத்தான் அளக்க வேண்டும். காட்டி சொல்வது உள்ளிருக்கும் பொறிமுறை நகர்ந்ததை மட்டும். தொடுகையில் அழுக்குப் படிந்திருந்தால் அதற்குத் தெரியாது. இழப்புத் தெரிந்த ஒரு கேபிளை இடைக்கிடை அளந்து பார்த்தால்தான் அது பிடிபடும்.

இழப்பை அளக்கும் நெட்வேர்க் அனலைசரைத் தொடர் ஸ்வீப்பில், அதாவது அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல் அளக்கும்படி, விடுவதும் பிழைதான். சுவிட்ச் மாறும் முன்பே தொடங்கிய ஸ்வீப்பில் கோட்டின் பாதி பழைய பாதையினுடையதாக இருக்கும். நிறுத்தி வைத்து, நிலை உறுதியானபின் ஒரு டிரிகர் (அளவையைத் தொடங்கும் சைகை) கொடுங்கள். சராசரி எடுக்கிறீர்கள் என்றால் அதையும் புதிதாகத் தொடங்குங்கள். பவர் கூடிய வேலையில் ஆர்எப்பை (சுவிட்ச் வழியே போகும் சிக்னலை) நிறுத்திவிட்டே மாற்றுங்கள், இல்லையேல் தொடுகை தீய்ந்துவிடும்.

குறித்த நேரத்துக்குள் காட்டி எரியாவிட்டால் சோதனையை நிறுத்த வேண்டும். மூன்றாம் தரம் தட்டியபோது மாறியது என்று சத்தமில்லாமல் தொடர விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த நேரத்தைக் கோப்பில் எழுதி வையுங்கள். 12 மில்லிசெக்கனில் மாறிக்கொண்டிருந்த சுவிட்ச் 18க்கு ஏறினால், மாற்றுச் சுவிட்சுக்குச் சொல்லிவைக்க அதுவே நேரம்.