நோயுள்ள காக்கர் ஸ்பேனியலைத் தத்துக் கொடுக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி

சென்னையில் தெருவிலிருந்து மீட்கப்படும் வெளிநாட்டு இன நாய்களில் காக்கர் ஸ்பேனியல் அடிக்கடி கண்ணில் படும். தொங்கும் காதையும் பட்டுப் போன்ற மயிரையும் பார்த்துக் குட்டியை வாங்குகிறவர்கள், சில ஆண்டுகள் கழித்து அதே காது சீழ்பிடித்து நாறத் தொடங்கி, மயிர் சடை விழுந்து, மருத்துவச் செலவு மாதந்தோறும் வரும்போது, ஏதாவது ஒரு மேம்பாலத்தின் அடியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். குட்டிகளை விற்றுப் பிழைப்பவர்கள் வயதான பெட்டையைக் கழிப்பதும் இப்படித்தான். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறை செய்தவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே என்பதால், அதற்குப் பயந்து யாரும் நின்றதாகத் தெரியவில்லை.

நூற்றுக்கணக்கான விலங்குகள் இருக்கும் காப்பகத்தில் ஒரே நாய்க்கு நாளுக்கு மூன்று வேளை கண்மருந்தும் இரண்டு வேளை காதுமருந்தும் விடுவது எளிதல்ல. அதனால்தான் இத்தகைய நாய்களுக்கு இடைக்காலமாக ஒரு வீடு தேவைப்படுகிறது. முன்கதை எதுவும் தெரியாமல் வந்த நாயை, அதன் நோய், குணம், மாதச் செலவு எல்லாம் தெரிந்த நாயாக அடுத்தவரிடம் ஒப்படைப்பதே அந்த வீட்டின் வேலை. முழுதாகக் குணமாக்கிவிட வேண்டும் என்று நினைத்து இறங்குகிறவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். ஸ்பேனியலின் நோய்களில் பல, குணமாகாமல் கட்டுக்குள் இருப்பவை.

நாயை வாங்கிக்கொள்ளும் முன்பே, மீட்புக் குழுவோடு சில விஷயங்களை எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். மருத்துவச் செலவு யாருடையது, எந்த மருத்துவரிடம் காட்டுவது, நள்ளிரவில் நிலைமை மோசமானால் யாரைக் கேட்டு முடிவெடுப்பது, குறித்த காலத்துக்குள் யாரும் தத்தெடுக்காவிட்டால் நாய் எங்கே போகும் என்ற நான்கும் வாட்ஸாப்பில் ஒரு செய்தியாகவாவது இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது என்றாலும், லிஃப்டில் சண்டை போட்டுக்கொண்டே ஒரு நோயாளி நாயைப் பார்த்துக்கொள்வது யாருக்கும் நிம்மதி தராது.

முதல் இரண்டு வாரம் நாய்க்குத் தனி அறை வேண்டும், இல்லையென்றால் மற்ற விலங்குகள் வராத பால்கனியோ குளியலறையோ ஒதுக்கப்பட வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ போன்ற தொற்றுகள் உள்ளே ஒளிந்திருந்தால் இந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். தடுப்பூசி விவரம் தெரியாத நாய் என்பதால் ரேபிஸ் பற்றிய எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. இந்தப் பணியைத் தொடர்ந்து செய்ய நினைப்பவர்கள் தாங்களே முன்கூட்டி ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது முறை. கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘வீட்டில் வளர்ந்த நாய்தானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

முதல் மருத்துவப் பரிசோதனையில், உரிமையாளரை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கைவிடப்பட்டது என்று நாம் முடிவுகட்டிய நாய், பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவந்த யாரோ ஒருவருடைய நாயாகவும் இருக்கலாம். பிறகு எடை, உடல் வெப்பம், தட்டணுக்கள் உட்பட ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகமும் கல்லீரலும், மலம், காதிலிருந்து எடுத்த அழுக்கை நுண்ணோக்கியில் பார்ப்பது, கண்ணீர் அளவு, இதய ஒலி ஆகியவை பார்க்கப்பட வேண்டும். நன்றாக இருக்கும் காக்கர் ஸ்பேனியல் சுமார் 12 முதல் 15 கிலோ வரை இருக்கும். கண்ணுக்கோ தோலுக்கோ சிறப்பு மருத்துவர் தேவைப்பட்டு, தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதபோது, வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

சடை விழுந்த நாயைப் பார்த்ததும் குளிப்பாட்டத் தோன்றும். சடையை நனைத்தால் அது இன்னும் இறுகித் தோலைப் பிடித்து இழுக்கும். ஆகவே முதலில் மெஷினால் மயிரை எடுத்துவிட்டு, அதன் பிறகே குளியல். காதின் அடியிலும் அக்குளிலும் கத்தரிக்கோல் வேண்டாம், சடைக்குள் சுருண்டிருக்கும் தோல் மயிரோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும்.

இனி காது. ஸ்பேனியலைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை இதுதான். நாயின் காதுக்குழாய் ‘ட’ என்ற எழுத்தைப் போல நேராக இறங்கி மடங்கி உள்ளே போகிறது. அதன்மேல் கனத்த காதுமடல் மூடியிருப்பதால் காற்றும் வெளிச்சமும் புகாமல், ஈரமும் மெழுகும் தங்கி, மலசீசியா என்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று புளித்த வாடையோடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சை. மஞ்சளாகவோ பச்சையாகவோ கடும் நாற்றத்தோடு வந்தால் பாக்டீரியாவாக இருக்கக்கூடும். இரண்டையும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதால் காதுப் பரிசோதனை இல்லாமல் சொட்டு மருந்து தொடங்கக் கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். சூடாக்கிய தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் காதின் பக்கமே வரக் கூடாது.

சுத்தம் செய்யும் திரவத்தைக் கையில் சிறிது நேரம் பிடித்திருந்து குளிர்ச்சி போன பிறகு பயன்படுத்துங்கள். நாயைக் கால்களுக்கு நடுவில், முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்து, காதுமடலை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, குழாய் நிரம்பும் அளவுக்கு ஊற்றுங்கள். பிறகு காதின் அடிப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அரை நிமிடம் பிசைந்துவிட வேண்டும். உள்ளே ‘சளக் சளக்’ என்று ஒலி கேட்டால் மருந்து சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள். கையை விட்டதும் நாய் தலையை உதறும். அந்த உதறலில்தான் ஆழத்திலிருக்கும் அழுக்கு மேலே வருகிறது, சுவரும் உங்கள் சட்டையும் நாசமாகும் என்பதால் இதைக் குளியலறையில் செய்வது புத்திசாலித்தனம். மேலே வந்ததை விரலில் சுற்றிய பஞ்சால், விரல் போகும் தூரம்வரை மட்டும் துடைத்தால் போதும். காது குடையும் குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். சொட்டு மருந்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விடலாம். நாற்றம் போன அன்றே மருந்தை நிறுத்திவிடாமல், காது சுத்தமாகிவிட்டது என்று மருத்துவர் மீண்டும் பார்த்துச் சொன்ன பிறகு நிறுத்துங்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, நாய் வட்டமாகச் சுற்றினாலோ நடுக்காதும் உட்காதும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். சாப்பிடும்போது காதுமடல் கஞ்சியில் தோயாமலிருக்க, பழைய சாக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டுத் தலையில் மாட்டிவிடலாம்.

காதைத் தொட்டால் உறுமும் நாயை ‘கடிக்கும் நாய்’ என்று எழுதிவிடாதீர்கள். மாதக்கணக்கில் வலித்த இடத்தை அந்நியர் ஒருவர் பிடித்தால் எந்த நாயும் உறுமும். வலி அடங்கிய பிறகும் உறுமல் நிற்கவில்லையென்றால் மட்டுமே அது குணம் சார்ந்த விஷயமாகும், அப்போது அதை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் அருகே யாரையும் விடாத பழக்கம் சில காக்கர்களிடம் உண்டு. பட்டினி கிடந்த நாயிடம் அது அதிகமாகவே இருக்கும் என்பதால், தட்டைப் பிடுங்கிச் சோதிப்பது போன்ற வீர விளையாட்டுகள் வேண்டாம்.

கண்ணில் பச்சை கலந்த கோழை ஒட்டிக்கொண்டு, விழி பளபளப்பு இழந்திருந்தால் கண்ணீர் வறட்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு காகிதப் பட்டையைக் கீழிமையில் ஒரு நிமிடம் வைத்து ஈரம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளப்பார்கள்; 15 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் சரி, 10க்குக் கீழே என்றால் பெரும்பாலும் வறட்சி. இதற்கான சைக்ளோஸ்போரின் மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் போட வேண்டியிருக்கும். கண்ணின் ஓரத்தில் சிவந்த சதை உருண்டையாக வெளியே வந்திருந்தால் அது கண்ணீர் சுரக்கும் சுரப்பி. அதை வெட்டி எறியாமல் உள்ளே வைத்துத் தைப்பதே சரியான சிகிச்சை, வெட்டினால் பின்னாளில் கண் வறண்டுபோகும் அபாயம் கூடும். வீட்டில் மீந்திருக்கும் மனிதக் கண்மருந்தில் ஸ்டீராய்டு இருந்து, நாயின் விழியில் புண்ணும் இருந்தால் பார்வையே போகலாம். இன்னொன்று: காதுமருந்து பாட்டிலும் கண்மருந்து பாட்டிலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். காதுமருந்தில் சிவப்பு நாடா ஒட்டி, அதை வேறு அறையில் வையுங்கள்.

தெருவில் சில நாள் இருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருப்பது நம் ஊரில் சாதாரணம். சோறு தின்னாமை, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ரத்தப் பரிசோதனை அவசியம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக நான்கு வாரம் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த மாதம் அதே நாயோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அந்த மாத்திரையை உணவோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும், ஏனென்றால் தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். பாலிலோ தயிரிலோ பனீரிலோ மறைத்துக் கொடுத்தால் மருந்து உடலில் சேர்வது குறையும். உண்ணியைப் பொறுத்தவரை நாயைவிட வீடுதான் பெரிய பிரச்சினை: ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி சுவரேறி, விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருத்துவர் சொன்ன உண்ணி மருந்தைக் கொடுக்கும்போதே அறையின் இடுக்குகளையும் சுத்தப்படுத்தியாக வேண்டும். வலிப்பு வந்ததாகச் சந்தேகம் இருந்தால், உண்ணி மாத்திரை தரும் முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு வயிறு நிறையக் கறிச்சோறு போடுவது பாசமாகத் தெரியும், ஆபத்தானதும் அதுவே. முதல் சில நாள் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்து அளவைக் கூட்ட வேண்டும். மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் தொடக்கத்துக்குப் போதும். நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு அரிது, அவை இரண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். ஏற்கெனவே ரத்தச்சோகையில் இருக்கும் நாய்க்குச் சாம்பார்சாதம் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் தனியாகச் சொல்லிவைக்க வேண்டியிருக்கும். கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கும் நோய் காக்கருக்கு வரக்கூடும். திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த இனிப்புகள் ஆகாது. காய்ச்சலுக்கு வீட்டிலுள்ள பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் அறவே ஆகாது.

மே மாதத்தில் நடையைக் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கையும் காதையும் துடைத்து உலர்த்துங்கள். இதயத்தில் முணுமுணுப்பு இருப்பதாக மருத்துவர் சொன்ன நாயென்றால், அது அயர்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30ஐத் தொடர்ந்து தாண்டினால் காத்திருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்: வாராந்தர எடை, கொடுத்த மருந்து, மலத்தின் தன்மை, எதற்குப் பயந்தது, எதற்குச் சமாதானமானது. இருமலோ வலிப்போ வந்தால் கைபேசியில் படம் பிடித்துவிடுங்கள்; மருத்துவமனை மேசையில் ஏறியதும் எந்த நாயும் நலமாகத்தான் நடந்துகொள்ளும்.

தத்துக்கான அறிவிப்பு இந்த நோட்டிலிருந்துதான் பிறக்க வேண்டும். ‘பாவம், ஒரு வீடு தேவை’ என்று உருகுவதைவிட, ‘ஏழு வயது இருக்கலாம், பெட்டை, கருத்தடை செய்யப்பட்டது, கண்மருந்து வாழ்நாள் முழுவதும் தேவை, மாதச் செலவு இவ்வளவு, பூனையோடு ஒத்துப்போகும், தனியாக விட்டால் குரைக்கும்’ என்று எழுதினால் அழைப்புகள் குறைவாக வரும், வருபவை உருப்படியாக இருக்கும். உடல் தேறியதும் கருத்தடையை ஒப்படைப்புக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ‘நாங்களே செய்துகொள்கிறோம்’ என்பவர்களில் சிலர் ஒரு முறை குட்டி எடுக்க நினைப்பவர்கள். கேட்டு வருபவரை உங்கள் முன்னாலேயே ஒரு முறை காதுமருந்து விடச் சொல்லிப் பாருங்கள். தயங்கித் தயங்கியாவது கற்றுக்கொள்கிறவர் போதும்; முகம் சுளித்து ‘இதற்கு ஆள் வைத்துக்கொள்வோம்’ என்கிறவருக்கு இந்த நாய் பொருந்தாது. வீட்டில் எல்லோரும் சம்மதமா, வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதமா என்பதையும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் நோட்டின் நகல், பரிசோதனை அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, இரண்டு வாரத்துக்கான மருந்து, இப்போது சாப்பிடும் அதே உணவில் கொஞ்சம், துவைக்காத அதன் படுக்கைத் துணி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப் பதிவும் புதியவர் பெயரில் இருக்க வேண்டும். தத்து ஒப்பந்தத்தில், எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் நாயை வேறு யாருக்கும் கைமாற்றாமல் மீட்புக் குழுவிடமே திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்து, அதைப் படித்துக்காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.