இலை நுனி கருகுவது பசியால் அல்ல

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுப் பெண் ஒரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே பீஸ் லில்லி. "அக்கா, இலை நுனியெல்லாம் கருகுதுங்க. சத்து பத்தலைன்னு ரெண்டு தடவை டிஏபி உரம் போட்டேன். இன்னும் மோசமாயிடுச்சுங்க" என்றாள். தொட்டி விளிம்பை நகத்தால் சுரண்டினேன். நகத்தடியில் வெள்ளைப் பொடி ஏறியது. விரலை உள்ளே விட்டால் மண்ணே இல்லை, முழுக்கக் கோகோபீட், அதாவது தேங்காய் மட்டைத் தூள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம், அதே வரிசையில்.

சேலத்தில் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைத் தொட்டியில் வைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், தொட்டிக்கு ஓட்டை போடுங்கள், ஜன்னல் பக்கம் வையுங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள்.

கோகோபீட்டை மண் என்று நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஒரு அலுவலக வரவேற்பறைக்கு அறுபது அக்லோனிமா செடி கேட்டார்கள். என் முதல் பெரிய ஆர்டர். விலை குறைவாகக் கிடைத்த 5 கிலோ கோகோபீட் கட்டிகளை வாங்கி, டிரம்மில் ஊறவைத்து, பொலபொலவென்று உதிர்ந்ததும் மண்புழு உரத்தோடு கலந்து நட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் இலை நுனி பழுப்பானது. பசி என்று முடிவு கட்டி, தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் டிஏபி போட்டேன். பத்து நாளில் 44 செடி போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் நுனிகள் ஊதுபத்தி எரிந்து முடிந்த குச்சி மாதிரி இருந்தன. எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். அந்த ஆர்டரும் கையை விட்டுப் போனது.

நடந்தது இதுதான். தென்னை உப்பைத் தாங்கும் மரம். அதன் காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இருக்கும். அலசாத கோகோபீட்டில் அத்தனையும் அப்படியே தங்கியிருக்கும். தழைச்சத்து என்று சொல்லிக்கொள்ள மட்டும் அதில் ஒன்றும் கிடையாது. கண்ணுக்குக் கறுத்த மண் மாதிரி தெரிவதுதான் ஏமாற்று வேலை. அதன் ஒவ்வொரு துகளின் மேலும் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரிலோ உரத்திலோ கால்சியம் வந்தால், துகள் அதைப் பிடித்துக்கொண்டு இவற்றை வெளியே தள்ளும். செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தைக் கலவையே தின்றுவிடும், வேரைச் சுற்றி உப்பும் ஏறும். உப்பு ஏறிய ஈரத்திலிருந்து வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தொட்டி நனைந்திருக்கும், செடி தாகத்தில் கருகும். அதன் தலையில் நான் டிஏபியை வேறு கொட்டினேன். அதுவும் உப்புதானே!

பிற்பாடு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு டீஸ்பூன் டிஏபி சுமார் 5 கிராம். அதில் 18 சதவீதம் தழைச்சத்து, அதாவது 900 மில்லிகிராம். இப்போது நான் கொடுப்பது லிட்டருக்கு அரை கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 19 சதவீதம் உள்ள உரம்), ஆறு அங்குலத் தொட்டிக்குக் கால் லிட்டர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதில் போவது 24 மில்லிகிராம் தழைச்சத்து. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷத்துச் சாப்பாட்டை அந்தச் செடிகளுக்கு ஒரே நாளில் ஊட்டியிருக்கிறேன்.

இப்போது கட்டியை ஊறவைத்ததும் முதல் வேலை, தண்ணீரைப் பிழிந்து, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்ப்பது. குடிதண்ணீர் மெஷின் மாட்ட வருபவர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் விடுவாரே, அதேதான். போன மாதம் வாங்கிய கட்டியில், ஊற்றிய மேட்டூர் தண்ணீர் 210 காட்டியது. பிழிந்த தண்ணீர் 1,900. இரண்டாவது அலசலில் 900, மூன்றாவதில் 390. ஊற்றியதைவிட 200-க்கு மேல் ஏறாத வரைக்கும் அலசுவேன். அப்புறம் லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் வடித்துவிட்டு இன்னொரு தடவை அலசுவேன். துகள்கள் கால்சியத்தைக் குடித்து வயிறு நிறைந்துவிட்டால் பிறகு செடியோடு போட்டிக்கு வராது. 'கழுவியது' என்று அட்டையில் போட்டிருந்தாலும் மீட்டரை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கருக ஆரம்பித்திருந்தால் உரத்தை அடியோடு நிறுத்துங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல நாலு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைத் திரும்பக் குடிக்க விடாதீர்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, புதிதாக வரும் இலையைத்தான் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுப் பீஸ் லில்லிக்கு மேலே கிடந்த டிஏபி குருணையைப் பொறுக்கி எடுத்துவிட்டு இதைத்தான் செய்தோம். "இவ்ளோ தண்ணி ஊத்தினா அழுகாதாங்க?" என்று நாலு தடவை கேட்டுவிட்டாள்.

19:19:19 இருந்தால் போதும் என்பது

செம்மண், மக்கு, மணல் கலவையில் சமாளித்துவிடும். அந்த மண்ணிலேயே கால்சியம், மெக்னீசியம், இரும்பு எல்லாம் கொஞ்சமாவது இருக்கும். வெறும் கோகோபீட்டில் அந்தக் கையிருப்பு கிடையாது, 19:19:19-இலும் கால்சியம், மெக்னீசியம் கிடையாது. அதனால் மாதம் ஒருமுறை கால்சியம் நைட்ரேட் தனியாக, இன்னொரு நாள் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) தனியாக, இரண்டுமே லிட்டருக்கு அரை கிராம். ஒரே வாளியில் கெட்டியாகக் கரைத்தால் திரிந்த பால் மாதிரி அடியில் படியும். அப்புறம் அது செடிக்குப் போகாது.

ஊற்றும் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். சேலத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினம். கொதிக்கவைத்த பாத்திரத்தில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கடினம் என்பதே கால்சியமும் மெக்னீசியமும்தான். போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு மேலே சொன்ன இரண்டும் அநேகமாகத் தேவைப்படாது. ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுபவர்களுக்குக் கட்டாயம்.

போர் தண்ணீருக்கு வேறு ஒரு தொந்தரவு உண்டு. நாளாக நாளாகக் கலவையில் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்பு. பழைய இலையிலிருந்து மஞ்சள் ஏறினால் பெரும்பாலும் தழைச்சத்து. முதலாவதற்கு யூரியா போட்டுக்கொண்டே இருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்குள் புண்ணாக்குக் கரைசல்

வேண்டாம். ஹாலில் நாற்றம், டீ கிளாஸில் பொடி ஈ.

வெறும் செம்மண்

ஆறு மாதத்தில் செங்கல்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது

வடியாது. பொடிக் கலவை தன் ஈரத்தை ஜல்லிக்கு அவ்வளவு சுலபத்தில் இறக்கிவிடாது. ஜல்லிக்கு மேலேயே நீர் தேங்கும், வேருக்கு இடம்தான் குறையும். அந்த ஜல்லிக்குப் பதில் பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைத் துகளையோ கரித்துண்டையோ கலவை முழுக்கக் கலந்துவிடுங்கள்.

ஏற்காட்டுக் கணக்கைச் சேலத்தில் போடுவது

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் கார்களின் பின்சீட்டில் ஒரு செடியாவது இருக்கும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மேலே இலைமக்கு கலந்த செம்மண்ணில், குளிரில் வளர்ந்த செடி அது. கீழே நம் வீட்டு ஹாலில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உருண்டை உரம், ஆஸ்மோகோட் மாதிரி மேலே பூச்சு பூசி, சத்தை மெதுவாகக் கசியவிடுவது. ஆறு மாதம் வரும் என்று அட்டையில் போட்டிருப்பது 21 டிகிரி வெப்பத்துக்கு. சூடு ஏற ஏறச் சத்து வேகமாகக் கசியும். ஏற்காட்டில் ஏறக்குறைய அட்டைக் கணக்கு சரியாக வரும். சேலத்து வெயில் காலத்தில் மூன்று நாலு மாதத்தில் தீர்ந்துவிடும், அதாவது செடி கேட்பதைவிட வேகமாகக் கொட்டும். நான் மார்ச்சிலிருந்து ஜூன் வரை அதைத் தொடுவதே இல்லை. மற்ற மாதங்களிலும் அட்டையில் சொன்னதில் பாதிதான்.

கொண்டு வந்த அன்றே கலவையை மாற்றுவதும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் பழைய மண்ணோடு நிழலில் இருக்கட்டும், உரமும் அதுவரை இல்லை.

ஆர்க்கிட்டுக்கு மண்

மரத்தில் தொற்றி வளரும் வகைக்கு மண்ணே கூடாது. கரி, ஓட்டுத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். லிட்டருக்குக் கால் கிராம் உரம் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தால் சரி. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவர் அங்கே போய் அரைநாள் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்கும் வழியில் ஒரு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வாங்கிவந்து, தொழு உரத்தில் கழுத்து வரை புதைத்து வைத்துவிட்டு எனக்கு போட்டோ அனுப்பினார்.