பரணில் கிடைத்த பஞ்ச் கார்டை வாசிப்பது எப்படி?

பழைய டிரங்குப் பெட்டியிலோ புத்தகத்தின் நடுவிலோ ஓட்டை ஓட்டையாகத் தடித்த அட்டை ஒன்று கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் இயந்திரங்களுக்குத் தரவும் நிரலும் கொடுக்கப் பயன்பட்ட பஞ்ச் கார்டாக அது இருக்கலாம். எங்கள் பெரியப்பா "நான் 1958லயே கம்ப்யூட்டர்ல வேலை பார்த்தவன்டா" என்று சொல்வார், நாங்களும் மரியாதைக்குத் தலையாட்டுவோம். போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து ஒரு கட்டு அட்டை இறங்கிய பிறகுதான் அதைச் சரிபார்க்க வழி கிடைத்தது.

கட்டாகக் கிடைத்தால் முதல் வேலை, ரப்பர் பேண்டை அவிழ்க்காமல் மேல் விளிம்பைப் போட்டோ எடுப்பது. பலர் அந்த விளிம்பில் மூலைவாட்டாக ஒரு பென்சில் கோடு இழுத்து வைத்திருப்பார்கள். கட்டு கீழே விழுந்து சிதறினால் கோட்டைப் பார்த்துத் திரும்ப வரிசைப்படுத்தலாம். நீங்கள் அவசரப்பட்டுக் கலைத்துவிட்டால் அப்புறம் எந்த அட்டை எதற்குப் பின்னால் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து ஓட்டையின் வடிவம். நீள்சதுரமாக, 80 நெடுவரிசையோடு இருந்தால் ஐபிஎம் வகை. வட்டமாக இருந்தால் பவர்ஸ்-சாமாஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் வகையாக இருக்கலாம், அது பெரும்பாலும் டேபுலேட்டர் (அட்டைகளைப் படித்து எண்ணிக் கூட்டி அச்சடிக்கும், கம்ப்யூட்டருக்கு முந்தைய இயந்திரம்) காலத்துச் சமாச்சாரம்.

இப்போது வாசிக்கலாம். மேல் விளிம்பில் எழுத்து அச்சாகியிருந்தால் கஷ்டமே இல்லை. இல்லாவிட்டால், அட்டையில் மேலிருந்து கீழாக 12 வரிசைகள்: முதலில் 12, அடுத்து 11, அதன் கீழே 0 முதல் 9 வரை. ஒரு நெடுவரிசையில் 0 முதல் 9 வரையுள்ள வரிசைகளில் ஒரே ஒரு ஓட்டை இருந்தால் அது எண். இரண்டு ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஆங்கில எழுத்து. 12 உடன் 1 முதல் 9 வரை வந்தால் ஏ முதல் ஐ வரை, 11 உடன் 1 முதல் 9 வரை வந்தால் ஜே முதல் ஆர் வரை, 0 உடன் 2 முதல் 9 வரை வந்தால் எஸ் முதல் இசட் வரை. ஆக 11ம் 4ம் சேர்ந்தால் எம். நாலைந்து அட்டை பார்த்தால் கை பழகிவிடும், குறுக்கெழுத்துப் போடுகிற சுகம்தான். மூன்று ஓட்டை வந்தால் ஏதோ சிறப்புக்குறி, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முதல் நெடுவரிசையில் 'சி' என்று வந்து, அதன்பின் ஆங்கில வாக்கியம் ஓடினால் அது ஃபோர்ட்ரான் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய நிரலின் குறிப்பு வரி. கட்டளைகள் 7 முதல் 72 வரையுள்ள நெடுவரிசைகளில்தான் இருக்கும், 73 முதல் 80 வரை வரிசை எண் போட்டுக்கொள்ளும் இடம். எழுத்தே இல்லாமல் வெறும் எண்களாகவே இருந்தால் சம்பளம், சரக்கு, கணக்கெடுப்பு மாதிரி ஏதோ ஒரு தரவு.

சரி, ஆள் சொல்கிற வருடத்தோடு இது பொருந்துகிறதா? 1958இல் இந்தியாவிலிருந்த எண்முறைக் கம்ப்யூட்டர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சில வருடம் முன்புதான் இங்கிலாந்திலிருந்து ஹெச்இசி-2எம் வந்திருந்தது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் சொந்தமாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மனிதர் சென்னைக்காரர், கிண்டியில் படித்தவர். பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகளால் ஆன அந்த இயந்திரம் 1960இல் ஓடத் தொடங்கியது, 1962இல் டிஃப்ராக் என்று பெயர் வைத்தவர் நேரு. நினைவகம் மொத்தமே 2048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். அதற்கு உள்ளீடு ஓட்டை போட்ட காகித நாடா, ஆகவே "இது டிஃப்ராக் அட்டை" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

ஃபோர்ட்ரான் அட்டை என்றால் அநேகமாக 1960களிலிருந்துதான். 1963இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 என்ற கம்ப்யூட்டர் விமானத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போனது. அங்கே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். நம் பக்கம் பெரிய இயந்திரம் என்றால் 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155. 1978இல் ஐபிஎம் நாட்டை விட்டே கிளம்பியது, வெளிநாட்டு நிறுவனம் தன் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு அது இணங்கவில்லை.

ஆள் உயிரோடு இருந்தால் மாடல் பெயரைக் கேட்காதீர்கள், நினைவிருக்காது. "இயந்திரத்தை நீங்களே தொட்டீர்களா, அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தீர்களா? விடை எப்போது வரும்? அறையில் ஏசி இருந்ததா?" என்று கேளுங்கள். பெரியப்பாவிடம் இப்படிக் கேட்டதும் அட்டைகளை வகைபிரிக்கும் சார்ட்டரில் அட்டை பாய்கிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். 1958இல் அவர் பார்த்தது டேபுலேட்டர், கம்ப்யூட்டர் வந்தது பல வருடம் கழித்து. ஆனால் அலுவலகத்தில் எல்லாரும் அதையும் "மெஷின்" என்றுதான் சொன்னார்களாம், நடுவே கோடு கிழித்ததெல்லாம் நாம்தான்.

கடைசியாக, இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். தீர்ந்துபோன அட்டைகள் எல்லா வீட்டிலும் துண்டுச் சீட்டாக மாறியிருக்கும். எங்கள் அட்டைக் கட்டிலும் பாதி அட்டைகளின் பின்பக்கம் பெரியம்மாவின் கையெழுத்தில் மளிகைக் கணக்கு.