பழைய விமான வரைபடங்கள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய விமான நிறுவனம் ஒன்றின் மடிப்பு வரைபடம் முதன்முதலாகக் கைக்கு வந்தால் யாராக இருந்தாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மேசையில் விரித்து வைத்து, சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டுவார்கள். லண்டன், கெய்ரோ, கராச்சி என்று விரல் போய்க்கொண்டே இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோடு போன இடமெல்லாம் விமானமும் போயிருக்கும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தப் பொழுதுபோக்கில் மற்ற தவறுகளெல்லாம் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் கிளைக்கின்றன.

வழித்தட வரைபடம் என்பது டிக்கெட் விற்பதற்காக அச்சடித்த காகிதம். அதில் கோடு போடுவதற்கு விமானம் தேவையில்லை, மை போதும். 1929 மார்ச்சில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம். இத்தாலியோடு இருந்த அனுமதிச் சிக்கலால் பாசலிலிருந்து ஜெனோவா வரை ரயில். ஜெனோவாவில் கடல் விமானம் ஏறி அலெக்சாண்ட்ரியா. அங்கிருந்து வேறொரு விமானத்தில் கராச்சி. மொத்தம் ஏழு நாள். ‘விமானப் பயணம்’ என்று பெருமையாக விற்கப்பட்ட இந்தப் பயணத்தில் ஆல்ப்ஸ் மலையைப் பயணிகள் கடந்தது ரயில் பெட்டியில் உட்கார்ந்துதான்.

அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. 1947 ஜூனில் அது உலகைச் சுற்றும் சேவையைத் தொடங்கியது. ‘உலகைச் சுற்றி’ என்றால் முழு வட்டம் என்றுதானே நினைப்போம்? நியூயார்க்கில் புறப்பட்டுக் கிழக்கே போய், ஆசியாவையும் பசிபிக்கையும் கடந்து சான் பிரான்சிஸ்கோவில் வந்து நின்றுவிடும். அமெரிக்காவின் குறுக்கே உள்நாட்டுச் சேவை நடத்த அந்த நிறுவனத்துக்கு அப்போது உரிமை கிடையாது. மிச்சத் தூரத்தைப் பயணி வேறு நிறுவனத்தின் விமானத்தில் கடக்க வேண்டும். 1978-ல் சட்டம் தளர்ந்து, 1980-ல் நேஷனல் ஏர்லைன்ஸை வாங்கிய பிறகுதான் அதற்குச் சொந்தமாக ஓர் உள்நாட்டு வலைப்பின்னல் அமைந்தது. அதற்கு முந்தைய வரைபடத்தில் அமெரிக்காவின் குறுக்கே மெல்லிய கோடோ புள்ளிக்கோடோ இருந்தால், அது யாருடைய கோடு என்று முதலில் கேளுங்கள். வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் விளக்கக் குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, கோட்டில் இருக்கும் எந்த இரண்டு ஊருக்கும் இடையில் டிக்கெட் வாங்கியிருக்கலாம் என்று நினைப்பது. விமானப் போக்குவரத்து விதிகளைப் பல நாடுகள் கூடிப் பேசிய 1944 சிகாகோ மாநாட்டுக்குப் பிறகு எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் ஆள் ஏற்றலாம், இறக்கலாம் என்பதெல்லாம் அரசுகள் பேரம் பேசி முடிவுசெய்த விஷயமாகிவிட்டது. விமானம் ஓர் ஊரில் இறங்கும், எரிபொருள் நிரப்பும், கிளம்பும். அங்கே புதுப் பயணி ஏற முடியாது. அட்லாண்டிக் பாதையில் கனடாவின் காண்டர், அயர்லாந்தின் ஷானன் என்ற பெயர்கள் ஓயாமல் வருவதற்கு முதல் காரணம் எரிபொருள்தான். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவில் இருக்கும். கால அட்டவணையின் அடிக்குறிப்பில்தான் உண்மை ஒளிந்திருக்கும்.

சரி, வரைபடத்தை நம்பாமல் நாமே பாதையை வரைந்துவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அட்டவணையில் இருக்கும் ஊர்களைத் தட்டையான உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து இணைக்கிறார்கள். கோபன்ஹேகனையும் லாஸ் ஏஞ்சலஸையும் அப்படி இணைத்தால் கோடு அட்லாண்டிக்கின் நடுவே போகும். ஆனால் 1954 நவம்பரில் ஸ்காண்டிநேவியன் நிறுவனம் தொடங்கிய சேவை கிரீன்லாந்தில் இறங்கி, வின்னிபெக் வழியாகப் போனது. உருண்டையான பூமியில் அதுதான் குறுக்கு வழி. அதற்காக உருண்டையில் நூலைப் பிடித்து அளந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து டோக்கியோவுக்கு நூல் பிடித்தால் அது சைபீரியாவின் மேல் போகும். பனிப்போர்க் காலத்தில் அந்த வானம் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. அதனால்தான் அலாஸ்காவின் ஆங்கரேஜ் அத்தனை அட்டவணைகளிலும் இடம்பிடித்தது.

படங்களும் பொய் சொல்லும்

பிரானிஃப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆரஞ்சு நிறத்தில், ஒலியைவிட வேகமாகப் பறந்த கன்கார்டு விமானம் பறப்பது போன்ற அஞ்சலட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அழகான படம்தான். ஆனால் எந்தக் கன்கார்டுக்கும் பிரானிஃப் வண்ணம் பூசப்படவே இல்லை. 1979-80-ல் டல்லஸுக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் பிரானிஃப் ஊழியர்கள் கன்கார்டை ஓட்டியது உண்மை, அதுவும் ஒலியின் வேகத்துக்குக் கீழே. விமானங்கள் பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் பிரான்ஸ் வண்ணத்திலேயே இருந்தன. பான் அமெரிக்கன் வண்ணத்தில் கன்கார்டு பொம்மையைப் பார்த்தாலும் ஏமாற வேண்டாம். அந்த நிறுவனம் அதை வாங்கும் எண்ணத்தை 1973-லேயே கைவிட்டுவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணத்தில் கன்கார்டைப் பார்த்ததும், இதுவும் கற்பனைதான் என்று ஒதுக்கிவிடுவார்கள். அது நிஜம். லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் கூட்டுச் சேவைக்காக ஒரே விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணமும் வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணமும் பூசினார்கள். இரண்டு பக்கத்தின் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு விமானம் என்று சாதித்த ஒருவரோடு அரை நாள் வாதாடியிருக்கிறேன். கடைசியில் பதிவு எண்ணைக் காட்டித்தான் அவரை அடக்க முடிந்தது.

பெயர்களிலும் இப்படித்தான். ‘பிரிட்டிஷ் ஏர்வேஸ்’ என்று அச்சிட்ட 1930-களின் லக்கேஜ் லேபிளைப் பார்த்ததும், ‘அந்த நிறுவனமே 1974-ல்தானே வந்தது, இது போலி’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. 1935-லேயே அந்தப் பெயரில் வேறொரு நிறுவனம் இருந்தது. 1938-ல் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் மியூனிக்கிலிருந்து திரும்பியது அதன் விமானத்தில்தான். பிறகு அது இம்பீரியல் ஏர்வேஸோடு இணைந்து பி.ஓ.ஏ.சி. என்ற அரசு நிறுவனம் ஆனது.

காலத்தைக் கணிப்பது

காகிதத்தில் தேதி இல்லாவிட்டால் பலர் நேராக, அச்சிட்டிருக்கும் காப்புரிமை ஆண்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் அடிப்படை வரைபடம் வரையப்பட்ட ஆண்டு. ஒரே வரைபடத்தை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் வேலி போடுவதுதான் சரியான வழி: இதற்கு முன்னால் இருக்க முடியாது, அதற்குப் பின்னால் இருக்க முடியாது. நியூயார்க் விமான நிலையம் ‘ஐடில்வைல்ட்’ என்று இருந்தால் 1963 டிசம்பருக்குப் பிந்தைய காகிதமாக இருக்க வாய்ப்பில்லை, அப்போதுதான் அதற்குக் கென்னடி பெயர் வைத்தார்கள். அதே காகிதத்தில் போயிங் 707 சேவை இருந்தால், அந்த விமானம் பயணிகளோடு பறக்கத் தொடங்கிய 1958-க்கு முந்தையதும் இல்லை. ஐந்தே வருஷத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம். ஆப்பிரிக்காவின் லியோபோல்ட்வில் 1966-ல் கின்ஷாசா ஆனது. சாலிஸ்பரி 1982-ல் ஹராரே ஆனது. ‘ஏர் இந்தியா இன்டர்நேஷனல்’ என்ற பெயரின் வால் 1962-ல் வெட்டப்பட்டது. இப்படி ஒரு பட்டியலை நீங்களே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். எந்த நிபுணரையும்விட அதுதான் அதிகம் உதவும்.

தேதி இருந்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1/4/60 என்பது ஏப்ரல் ஒன்றா, ஜனவரி நான்கா? அமெரிக்க அச்சு என்றால் மாதம் முதலில் வரும், ஐரோப்பிய அச்சு என்றால் நாள் முதலில் வரும். அட்டவணைகள் பெரும்பாலும் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று மாறியவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள், விடை தானாக வரும்.

நேரத்தைப் படிப்பதில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிட்டால் வேடிக்கையான விடை கிடைக்கும். லண்டனில் காலை 10.30-க்குக் கிளம்பிய கன்கார்டு நியூயார்க்கில் காலை 9.25-க்கு இறங்கியது! பழைய அமெரிக்க அட்டவணைகள் பலவற்றில் முற்பகல், பிற்பகல் என்று எழுதவே மாட்டார்கள். மெல்லிய எழுத்து முற்பகல், தடித்த எழுத்து பிற்பகல். மங்கலான நகலில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

அப்புறம், அட்டவணையில் இல்லாததால் அப்படி ஒரு சேவையே நடக்கவில்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்குக் கேட்டலினா கடல் விமானங்களை ஓட்டியது. போர்க்காலம், வானொலி மௌனம், இறங்க இடமில்லாத இந்தியப் பெருங்கடல். மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை. 27 முதல் 33 மணி நேரம் வானத்திலேயே இருந்ததால் சூரியோதயத்தை இரண்டு முறை பார்த்தார்கள். இரட்டைச் சூரியோதயத்தின் ரகசிய அணியில் சேர்ந்துவிட்டதாக ஒவ்வொரு பயணிக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பொதுமக்களுக்கான அட்டவணையில் இடம்பெறாத அந்தப் பாதைக்கு அந்தக் காகிதமே சாட்சி.

வாங்கும்போது

‘முதல் பறப்பு’ என்று முத்திரை விழுந்த தபால் உறை என்றால் அபூர்வம் என்று அர்த்தமில்லை. 1935 நவம்பரில் பசிபிக்கைக் கடந்த, பான் அமெரிக்கனின் சைனா கிளிப்பர் என்ற கடல் விமானத்தின் முதல் பயணத்தில் 1,10,000-க்கும் மேற்பட்ட தபால்கள் போயின. சேகரிப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டவையும் அவற்றில் ஏராளம். சந்திரனுக்குப் போக முன்பதிவு செய்தவர்களுக்குப் பான் அமெரிக்கன் கொடுத்த அட்டையும் அப்படித்தான்: 93,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். உறையின் முகப்பிலிருக்கும் அலங்காரச் சித்திரத்தில் மயங்காமல், திருப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்த ஊரின் தபால் முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

போஸ்டர்களில்தான் மறு அச்சு அதிகம். பூதக்கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தாலே போலி என்று ஒரு பேச்சு உண்டு, அது பாதி உண்மை. 1950-களின் அசல் போஸ்டர்களில் பலவும் ஆப்செட்டில் அச்சானவை, அவற்றின் படப் பகுதியில் புள்ளிகள் இருக்கும். எழுத்தைப் பாருங்கள். ஒரே நிறத்தில் திட்டமாக அச்சாகியிருக்க வேண்டிய எழுத்தின் விளிம்பே பலவண்ணப் புள்ளிகளாக உடைந்திருந்தால், ஏற்கெனவே அச்சான ஒன்றைப் படமெடுத்து மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். இன்னொரு சோதனை புற ஊதா விளக்கு. காகிதத்தைப் பளிச்சிட வைக்கும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1930-களின் போஸ்டர் என்று சொல்லப்படுவது இருட்டில் நீலமாக ஒளிர்ந்தால், பர்ஸை மூடிவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

என் முதல் கால அட்டவணையை நானே கொன்றேன். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தேன். சூட்டில் மை கசிந்தது, உறையும் இனி பிரியாது. பசையுள்ள பக்கங்கள் கொண்ட போட்டோ ஆல்பம், செல்லோடேப், பி.வி.சி. உறை எல்லாமே ஏறக்குறைய இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கின்றன. பாலியெஸ்டர் உறையும் அமிலமில்லாத அட்டையும் போதும். துருப்பிடித்த பின்னைப் பிடுங்காமல், கால்களை நிமிர்த்தி மெல்ல எடுங்கள். விமானியின் பழைய இறக்கைச் சின்னத்தைப் பாலிஷ் போடாதீர்கள், கறுப்பேறிய அழகு போனால் திரும்பி வராது.

காக்பிட் கருவிகளை வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1960-களுக்கு முந்தைய உயரமானி, வேகமானி முகப்புகளில் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருக்கலாம். ‘இப்போது ஒளிர்வதில்லை, வீரியம் போய்விட்டது’ என்பது அபாயமான கற்பனை. தேய்ந்து போனது ஒளிரும் பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று: அட்டவணையில் யாரோ கிறுக்கிய பென்சில் எழுத்தை ரப்பர் போட்டு அழிக்கும் பழக்கம். என்னிடம் 1950-களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரிசைக்குப் பக்கத்தில் டிக் போட்டிருக்கிறது. வந்து சேரும் நேரம் 18.40 என்று அச்சாகியிருக்கிறது. அதைப் பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் சாய்ந்த கையெழுத்தில் 23.15 என்று எழுதியிருக்கிறார்கள்.