பிரிண்டருக்கு ஒரே ஐபி எண்ணை ஒதுக்கி வையுங்கள்

ஆபீஸ் பிரிண்டர் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், ரவுட்டரின் டிஎச்சிபி (சாதனங்களுக்கு எண் கொடுக்கும் அமைப்பு) பக்கத்தில் அதன் மேக் முகவரிக்கு (சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) ஒரு ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் முகவரியை, ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் விண்டோஸில் பிரிண்டரின் போர்ட்டையும் (பிரிண்டை எங்கே அனுப்புவது என்ற அமைப்பு) அதே எண்ணுக்கு மாற்றுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்துவிடலாம். கணினியோ 192.168.1.23 என்பது போன்ற பழைய எண்ணுக்கே பிரிண்டை அனுப்பிக்கொண்டிருக்கும். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டால் கொஞ்ச நாள் சரியாக இருப்பதும், அது புதிய எண்ணைத் தேடிப் பிடிப்பதால்தான்.

மேக் முகவரி வைஃபைக்கு வேறு, லேன் கேபிளுக்கு வேறு. எதில் இணைத்திருக்கிறீர்களோ அதற்குரியதைக் கொடுங்கள்.

யுஎஸ்பியில் நேரடியாக இணைத்த பிரிண்டருக்கு இது தேவையில்லை. கணினி கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருந்தால் பெரும்பாலும் இது உதவாது.