ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பாருங்கள்: மலையூர்ப் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இறங்கி, காய் வாங்கிக்கொண்டு திரும்பும் பெரியவர்களைக் கேட்டால், "ஏற்றம்தான் தம்பி தொல்லை" என்பார்கள். அதனால் இறங்கும்போது நடை, ஏறும்போது ஆட்டோ. முட்டி வலி உள்ளவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதுதான் நல்லது. ஏறும்போது மூச்சு வாங்கும், கால் தானாக நின்றுவிடும். இறக்கத்தில் அப்படி எச்சரிக்க எதுவும் இல்லை. அடிக்கு அடி உடம்பின் பாரத்தைத் தொடைத் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும். அது தளர்ந்திருந்தால் பாரம் முட்டியில் இறங்குகிறது. இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ இல்லாதவர்கள் மெதுவாக ஏறி நடந்துவிட்டு, இறங்க வண்டி பிடிக்கலாம். ஆட்டோக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நடந்துதான் இறங்க வேண்டுமென்றால் குறுக்குப் படிகள் வேண்டாம், ரோட்டோடு சுற்றி வாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊரில் படிப் பாசி எங்கே காய்கிறது? அதில் தேய்ந்த ரப்பர் செருப்போடு இறங்குவது விபரீதம்.

கைத்தடியை வலிக்கிற காலின் பக்கமே பிடிப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் அந்தக் காலின் பாரம் குறையும். செருப்பைப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் தலை மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.

"அத்தனை வருஷம் கொழுந்து பறித்த உடம்பு, இதற்கு என்ன பயிற்சி?" என்று கேட்கும் பாட்டிமார் உண்டு. அன்றைய உழைப்பு இன்றைக்குச் சேமிப்பாக இருக்காது. வேலையை விட்டதும் தசை கரையத் தொடங்கிவிடும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் நடப்பது போன்ற உழைப்போடு, 2 நாள் தசைக்கான பயிற்சியும் 3 நாள் நிலைதடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாற்காலியை நகராதபடி சுவரோடு போட்டு, கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கொஞ்சம் நில்லுங்கள். வாரக்கணக்கில் மழை பிடித்துக்கொண்டால் நடையோடு எல்லாவற்றையும் நிறுத்தி, கம்பளிக்குள் சுருண்டுவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே போக வேண்டியதே இல்லை.

அடுத்தது விடியற்கால வாக்கிங். சமவெளியில் வெயிலுக்கு முந்திக்கொள்ள 5 மணிக்கே கிளம்புவது சரி. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற நேரம் அது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறும். போதாக்குறைக்குப் பனிமூட்டத்தில் காட்டெருமை எதிரே நின்றாலும் தெரியாது. வெயில் வந்தபின் போனால் என்ன குறைந்துவிடும்?

குளிருக்குக் கரி மூட்டிய சட்டியை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் நெருப்பருகில் காலை நீட்டினால் சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும். வெந்நீர்ப் பைக்கும் இதே கதை. கம்பளிச் சாக்ஸ் போதும்.

தாகமே எடுக்கவில்லை என்று தண்ணீரை மறந்துவிடுவதும் உண்டு. இரவில் எழ வேண்டியிருக்குமே என்று பயப்படுகிறவர்கள் பகலிலேயே குடித்துவிட்டு, மாலைக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அதை மீற வேண்டாம். டீயை விடச் சொன்னால் நீலகிரியில் யார் கேட்கப் போகிறார்கள்? சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.